இடது சுத்து

சத்தமாவே பேசலாம்மா. அவருக்குக் கேக்காது. அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஆம்பளைங்க பக்கம், சாம்பல் கலர் தொப்பி. அதுதான் எங்க வீட்டுக்காரர், கிளாரன்ஸ். நான் இங்கேருந்து தொண்டை கிழியக் கத்துனாலும் திரும்ப மாட்டார். எங்க ஊர்ல இது ஒருத்தருக்கும் தெரியாது. உன்கிட்ட சொன்னா என்ன, நீ மதுரையில இறங்கி உன் வழியில போயிருவ.

அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிறியா? இந்த இடது காலை நீட்டிக்கிறேன். வலியெல்லாம் இல்ல. இந்த பஸ்காரனுங்க சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கோழி நிக்கத்தான் இடம் விடுறானுங்க. கால் மரத்துப் போகுது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவர் காதுக்கு. ரெண்டு வருசமா நான் மன்றாடிட்டேன். "எனக்கு என்ன மேன், காது நல்லாத்தானே இருக்கு"ம்பார். அவங்க ஆங்கிலோ இந்தியன் ஆளுங்க, பொண்டாட்டியையும் மேன்னுதான் சொல்வாங்க. நானும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். போன வாரம் பாரு, அவராவே வந்து உக்காந்து, "சேலி, என் காதைக் காட்டணும். மதுரையில நல்ல டாக்டர் இருக்காராம். நீயும் கூட வா, அவர் சொல்றது எனக்குக் கேக்காதே"ங்கிறார். ரெண்டு வருசத்துல மொத தடவையா அவர் வாயால 'கேக்காது'ன்னு வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. சேலிங்கிறது நான்தான். சலேத் மேரின்னு எங்கப்பா வெச்ச பேரு, அவர் வாயில சேலி ஆயிருச்சு.

நாங்க என்ன வேலை பாக்குறோம்னா? சொன்னா சிரிக்கக் கூடாது. டான்ஸ். பாத்தியா, என் சேலையைப் பாக்குற, என் உடம்பைப் பாக்குற. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. எனக்குப் பழகிருச்சு.

ரெண்டு வகை ஆடுவோம், ரெண்டையும் சொல்லிக் குடுக்குறோம். ஸ்விங்குன்னு ஒண்ணு, ஆணும் பொண்ணுமா கையைப் பிடிச்சு, சுத்தி, விலகி, திரும்பி வந்து சேர்ற ஆட்டம். இன்னொண்ணு டாப். ஷூவுக்கு அடியில தகடு வெச்சுத் தரையைத் தட்டி ஆடுறது, கால்லயே மத்தளம் வாசிக்கிற மாதிரி. திருச்சியில எங்க காலனியில பலகைத் தரை போட்ட பழைய ஹால் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை அங்கதான் கிளாஸ். இப்பவும் பதினெட்டுப் பிள்ளைங்க வருது.

நான் எட்டாவதோட நின்னவ. அதுக்கப்புறம் தையல் கடை. காலனி ஆளுங்களுக்குக் கவுன், சட்டையெல்லாம் தைக்கிற கடை அது. நான் பட்டன் கட்டுவேன், ஓரம் அடிப்பேன். இவர் பாய்லர் பட்டறையில வெல்டர். நாள் பூரா இரும்புத் தகட்டுல சம்மட்டி அடிக்கிற சத்தத்துக்குள்ள நின்னவர். காது எப்படி மிஞ்சும், சொல்லு. அப்போ இவரோட ஆடிக்கிட்டிருந்த பொண்ணு குடும்பத்தோட ஆஸ்திரேலியா போயிருச்சு. இவர் சட்டை தைக்கக் குடுக்க வந்தவர், துணியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறார், குடுக்கவே இல்ல. என்னன்னு பாத்தா என் காலைப் பாக்குறார். மெஷினை மிதிக்கிற கால். எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

"என்னங்க பாக்குறீங்க?"

"பாக்கல, கேக்குறேன். நீ ஒரே அளவா மிதிக்கிற. நடுவுல நூல் அறுந்தாக்கூட உன் கால் தாளம் விடல"ன்னார்.

அந்தக் காது அப்போ அப்படி இருந்துச்சும்மா.

டாப்புக்கு வெக்கிற தகடு நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்? மாட்டுக்கு லாடம் அடிக்கிற சூசைகிட்ட என் ஷூவைக் கொண்டு போனோம். சூசை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எந்த மாட்டுக்கு?"ன்னான். இவர் சும்மா இருக்காம, "நான் கட்டிக்கப் போற மாட்டுக்கு"ன்னுட்டார். ரெண்டு நாள் நான் பேசல. ஆனா அந்த ஷூ இன்னும் என்கிட்ட இருக்கு.

எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஊரே பாக்க ஒரு ஆம்பள கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடுவியான்னாங்க. கட்டிக்கிட்ட ஆம்பள கையைத்தானே பிடிக்கிறேன், ஊர்ல பாதிப் பேர் அதையும் பிடிக்கிறது இல்லையேன்னேன். நான் யாருக்கும் பயந்தவ இல்லம்மா. கவலைப்படுவேன், அது வேற. கேஸை அணைச்சோமா, கதவைப் பூட்டினோமா, மழை வருமான்னு எந்நேரமும் ஒரு கவலை. பயம் கிடையாது.

ஸ்விங்குல ரெண்டு சட்டம் உண்டு. இவர் எந்தப் பிள்ளைக்கும் மொத நாள் சொல்றது அதைத்தான். ஒண்ணு, தரையைப் பாக்காதே. ரெண்டாவது, பொண்ணுங்களுக்கு மட்டும், முந்திக்காதே. கூட ஆடுறவர் கை சொன்னப்புறம்தான் கால் போகணும். அந்த ரெண்டாவதைக் கத்துக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. டான்ஸைக் கத்துக்க ஒரு மாசம்தான் ஆச்சு.

இவர்கிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. பிள்ளைங்க வரிசையா நின்னு டாப் ஆடும். இவர் முதுகைக் காட்டிட்டு நிப்பார். திடீர்னு, "ரெண்டாவது வரிசை, கடைசிப் பொண்ணு, இடது குதிகால் லேட்"ம்பார். அச்சு பிசகாம சரியா இருக்கும். பெத்தவங்க வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. காது போனப்புறம் என்ன செய்யிறது? நான் அவர் எதிர்ல, சுவரோரமா போய் நின்னுக்கிட்டேன். தப்பு விட்ட பிள்ளை எந்த வரிசை, எத்தனாவதுன்னு இடுப்புல வெச்ச கையில விரல் காட்டுவேன். அவர் அதைப் பாத்து சொல்வார். ஏமாத்துறதுதான், இருக்கட்டும். அந்தப் பிள்ளைங்க கால் திருந்துதா இல்லையா? ஆனா இதை நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணல. அவர் கேக்கல, நானும் சொல்லல. ஒரு நாள் காட்டினேன், அவர் பாத்தார், அதுலேருந்து அப்படியே போகுது.

ஸ்விங்குலயும் அதே கதைதான். பாட்டு அவருக்குக் கேக்காது. என் வலது கை அவர் இடது கைக்குள்ள இருக்கும்ல, அதுல அமுக்கி அமுக்கித் தாளம் குடுப்பேன். பாக்குறவனுக்கு அவர் என்னைக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்.

இந்தக் காது கூட எனக்குப் பெருசா தெரியலம்மா. மறதிதான் எனக்குக் கவலை. மூணு வருசமா ஒவ்வொரு அடவா மறந்துட்டு வர்றார். குதிச்சுத் திரும்புறது ஒண்ணு இருந்துச்சு, அது போச்சு. முட்டி மடக்கி இறங்கி எந்திரிக்கிறது, அது போச்சு. கடைசியா இடது சுத்து. நான் இடது கால்ல நின்னு பம்பரமா மூணு சுத்து சுத்தணும், அதைத்தான் ஊரே எதிர்பாக்கும். அதையும் அவர் கை குடுக்குறதே இல்ல. அந்த இடம் வந்தா சும்மா நடந்து கடந்துருவார். நான் ஒரு வார்த்தை கேக்கல. வயசு அறுபத்திமூணு, மறக்கத்தான் செய்யும். கேட்டா மனசு ஒடிஞ்சு போவாரேன்னு விட்டுட்டேன்.

மாடி வீட்டைக் காலி பண்ணி கீழ் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். "எனக்குப் படி ஏற மூச்சு வாங்குது சேலி"ன்னார். நல்லதுதான்னு நானும் வந்துட்டேன். அந்த வீட்டுப் படியும் ஒண்ணொண்ணும் முழங்கால் உயரம், கட்டுனவனுக்கு அறிவு கிடையாது.

கதைக்கு வர்றேன். கிறிஸ்மஸுக்கு அடுத்து வர்ற சனிக்கிழமை எங்க ஹால்ல சாயங்காலம் டான்ஸ் நடக்கும். வருசா வருசம். அதுக்கு ஒரு முறை இருக்கு. மதியம் கோயில்லேருந்து எரிஞ்சு மிச்சமான மெழுகுவத்தியெல்லாம் வாங்கிட்டு வந்து, சீவி, பலகையில தூவித் தேய்க்கணும். கால் வழுக்கிட்டுப் போக அதுதான் வேணும். அப்புறம் ஒரு ஜோடி மட்டும் மொத ஆட்டம் ஆடும். அவங்க ஹாலை ஒரு சுத்து முழுசா சுத்தி வர்ற வரைக்கும் வேற யாரும் தரையில கால் வெக்கக் கூடாது, கமிட்டித் தலைவரா இருந்தாலும் சரி. இருபத்தாறு வருசமா அந்த மொத ஆட்டம் எங்களுது.

போன டிசம்பர்ல மெர்வின்னு ஒருத்தன் எங்க வீட்டுக்கு வந்தான். இப்போ ஹாலுக்கு அவன்தான் செக்ரட்டரி. எங்ககிட்ட கத்துக்கிட்ட பயல்தான். ஒன்பது வயசுல வந்தப்போ அவன் வலது கால் எது, இடது கால் எதுன்னு நான்தான் சாக்பீஸ்ல எழுதிவிட்டேன். "அங்கிள், ஆன்ட்டி, இந்த வருசம் உங்க ரெண்டு பேருக்கும் பாராட்டு. பொன்னாடை போர்த்துறோம்"னு கார்டை நீட்டினான். கார்டு முழுக்க இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். இவர் வாசிச்சுட்டு, "நம்ம பேரைப் பெருசா போட்டிருக்காங்க சேலி"ன்னு மடிச்சு உள்ள வெச்சுட்டார். நான் அவன் வாயில கேக்கைத் திணிச்சு அனுப்பினேன்.

நாலு நாள் கழிச்சு மெர்வின் பொண்டாட்டி வந்தா, கையில சிவப்பு சாட்டின் துணி. "ஆன்ட்டி, சுத்தும்போது குடை மாதிரி விரியணும். மொத ஆட்டத்துக்குப் போடுறது"ங்கிறா.

"யாரு மொத ஆட்டத்துக்கு?"

அந்தப் பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "உங்களுக்குத் தெரியும்னு... கார்டுலயே போட்டிருக்கே ஆன்ட்டி"ங்குது.

அளவு எடுத்தேன். அனுப்பினேன். இவர்கிட்ட வந்து நேரா நின்னு, உதட்டைப் பாத்தா புரியிற மாதிரி நிதானமா கேட்டேன். "கார்டுல என்ன போட்டிருக்கு?"

தலையைக் குனிஞ்சுட்டார். "நான்தான் சரின்னு சொன்னேன் சேலி. இருபத்தாறு வருசம் ஆடியாச்சு. போதும் மேன்."

"யாருக்குப் போதும்?"

என் காலைப் பாத்துட்டே உக்காந்திருக்கார். மூஞ்சியைப் பாத்துப் பேச முடியலல்ல, குத்தம் பண்ணினவர்.

பொன்னாடைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பணும்னா, போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நாற்காலியில உக்கார வெச்சு, சால்வையைப் போத்தி, போட்டோ எடுத்து, கை தட்டிருவாங்க. அப்புறம் நீ எந்திரிச்சு ஆட முடியுமா? காய்ச்சல்ல படுத்தவ மாதிரி போத்திக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ஆனா அந்த சிவப்பு கவுனை நான் தைச்சேன். நல்லாவே தைச்சேன், குடை மாதிரி விரிஞ்சுச்சு. மனுசங்க மேல இருக்குற கோவத்தைத் துணி மேல காட்டுறவ இல்ல நான். கூடவே எனக்கும் ஒரு கவுன் தைச்சேன். நீலம். இவருக்குத் தெரியாது.

அன்னைக்கு ஹால் நடுவுல ரெண்டு நாற்காலி. சரிகைத்துணி போத்தி, பூ கட்டி, கல்யாண மாப்பிள்ளை பொண்ணுக்குப் போடுற மாதிரி. நீலக் கவுனும் அந்த லாட ஷூவுமா போன என்னைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. மெர்வின் மைக்ல இங்கிலீஷ்ல என்னென்னமோ பேசினான். எனக்குப் புரியல, இவருக்குக் கேக்கல. ரெண்டு பேரும் சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருந்தோம். சால்வை போத்தினாங்க. போட்டோ எடுத்தாங்க. அப்புறம் பாட்டு ஆரம்பிச்சுச்சு. மெர்வின் அவன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு ஓரத்துல நிக்கிறான், கால் தரையில வெக்கப் போறான்.

எந்திரிச்சேன். சால்வையை எடுத்து இடுப்புல கட்டினேன், சண்டைக்குப் போறவ மாதிரி. இவர் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

"வேண்டாம் சேலி."

"கையைக் குடுங்க."

"சேலி, வேண்டாம் மேன்."

"கையைக் குடுங்கங்கிறேன்ல!"

குடுத்துட்டார். மெர்வின் தூக்கின காலை அப்படியே திருப்பி வெச்சான். முறைன்னா முறைதானே, நாங்க தரையில இறங்கியாச்சு, இனி ஒருத்தனும் உள்ள வர முடியாது.

பாட்டு வேகமான பாட்டு. அவனுங்க வயசுக்குப் போட்டது. நான் அவர் உள்ளங்கையில தாளத்தை அமுக்கிட்டே போறேன். நல்லா வந்தார். ஆனா தலையைக் குனிஞ்சு குனிஞ்சு கீழயே பாக்குறார்! தரையைப் பாக்காதேன்னு ஆயிரம் பிள்ளைக்குச் சொன்ன மனுசன். அடவு மறந்துபோய்த்தான் காலைப் பாக்குறார்னு நான் தாளத்தை இன்னும் அழுத்திக் குடுக்குறேன். முக்கால்வாசி ஹாலைச் சுத்திட்டோம். இடது சுத்து வர்ற இடம். சனமெல்லாம் எக்கிப் பாக்குது. இவர் கை சும்மா இருக்கு. மறுபடியும் மறந்துட்டார். இத்தனை பேர் முன்னால, மெர்வின் முன்னால.

அப்பதான்மா நான் முந்திக்கிட்டேன். முப்பத்திமூணு வருசத்துல மொத தடவை. அவர் கை சொல்லாமலே இடது கால்ல நின்னு சுத்தினேன், அவருக்கு ஞாபகம் வரட்டும்னு. ஒரு சுத்து போனேன். ரெண்டாவதுல கால் லேசா பிசகுச்சு. தரையில மெழுகு ஜாஸ்தி. அன்னைக்கு மெழுகு போட்டது மெர்வின் ஆளுங்க, அவனுங்களுக்கு என்ன அளவு தெரியும்? கால் எனக்குக் கீழ இல்லாத மாதிரி ஆயிருச்சு, ஒரு நொடி.

விழலம்மா. அவர் கை என் முதுகுல இருந்துச்சு. எப்ப வந்துச்சுன்னு தெரியல, ஏற்கெனவே அங்க இருந்த மாதிரி இருந்துச்சு. என்னை அப்படியே தூக்கின மாதிரி வழுக்கிட்டே போய் அந்தப் பூ கட்டின நாற்காலியில உக்கார வெச்சார். தாளம் விடல. உக்கார வெச்ச கையோட என் முன்னால நின்னு டாப் ஆரம்பிச்சுட்டார். தட்டத் தட்ட பலகை அதிருது. நிறுத்திட்டு என்னைப் பாத்தார். எனக்குப் புரிஞ்சுச்சு. நாற்காலியில உக்காந்தபடியே என் வலது காலால பதில் தட்டினேன், மெஷின் மிதிக்கிற மாதிரி. அவர் ஒண்ணு கேக்க, நான் ஒண்ணு சொல்ல. அந்தச் சூசை அடிச்ச லாடம்மா! ஹால் முழுக்க எழுந்து நின்னு கை தட்டுது. பிள்ளைங்க பதினெட்டும் விசில்.

அப்புறம் நாற்காலியோட என்னைத் தள்ளிக்கிட்டே மிச்சச் சுத்தையும் முடிச்சார். முழுசா ஒரு சுத்து. யாரும் குறை சொல்ல முடியாது.

மெர்வின் ஓடி வந்து, "ஆன்ட்டி, நாற்காலி ஆட்டம் பிரமாதம்! எப்ப பழகினீங்க?"ங்கிறான். "உங்களுக்குச் சொல்லிட்டா பழகணும்?"னேன். ஈஸ்டர் டான்ஸுக்கும் நீங்கதான் மொத ஆட்டம் ஆடணும், அந்த நாற்காலியோடன்னு கமிட்டியே கேட்டுருச்சு. அவர் மறந்ததை நான் எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா? நான் மட்டும் முந்திக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் இவர், நான் காலுக்குத் தைலம் தேய்க்கிறதைப் பாத்துட்டே இருந்தார். அதுக்கு அடுத்த வாரம்தான், "சேலி, என் காதைக் காட்டணும்"னு வந்து உக்காந்தார். ஆட்டத்துல அவருக்கே தெரிஞ்சுபோச்சு போல.

இந்தா, நீ படிச்ச பொண்ணு. ஆஸ்பத்திரி சீட்டு இது, காலையில என் பையில வெச்சுக்கச் சொல்லிக் குடுத்தார். எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு பாரு. பதினொண்ணா? சரி, போயிரலாம். எத்தனாவது மாடின்னு போட்டிருக்கா?

என்னம்மா முழிக்கிற? வாசி.

எலும்பு மூட்டா?

காதுக்குள்ளயும் எலும்பு இருக்கும்ல? இருக்கும். இல்லாம எப்படி விறைப்பா நிக்கும்?

பேரு? சலேத் மேரின்னா? வயசு அம்பத்திநாலா?

...

பாத்தியா. அவர் பேரை எழுதுற இடத்துல என் பேரை எழுதிட்டார். நான் சொல்லலை உனக்கு, மறதின்னு?

குடு அந்தச் சீட்டை. மடிச்சுக் குடு.

அந்தத் தொப்பியைப் பாரு, திரும்பிப் பாக்குது. பேச்சுக் கேக்காது, ஆனா ஸ்டாப் வர்றது எப்படியோ தெரிஞ்சுரும். விரல் காட்டுறார், இன்னும் ஒரு ஸ்டாப்பாம். என் விரல் பாஷையை எனக்கே காட்டுறார். தெரியுது, தெரியுது, நீங்க முன்னால இறங்குங்க.

எந்த டாக்டரோ என்ன வேணும்னாலும் சொல்லட்டும்மா. காதுன்னு சொல்லட்டும், காலுன்னு சொல்லட்டும். ஈஸ்டருக்கு மொத ஆட்டம் எங்களுது. நீலக் கவுனுக்கு இன்னும் ஓரம்கூட அழுக்காகல.

கொஞ்சம் வழி விடு. இந்த பஸ் படி வேற, எவன் வெச்சானோ, தரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணும் பிடிக்க வேண்டாம் தாயி, நான் இறங்கிருவேன். அவர் கீழ நிக்கிறார் பாரு. எப்பவும் இடது கையைத்தான் குடுப்பார், இன்னைக்கு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறார்.

இரு, அவசரப்படுத்தாத. கண்டக்டரே, விசில் ஊதாதீங்க. அவர் கை வரட்டும். அப்புறம்தான் நான் காலை எடுப்பேன்.